மாடு இன்னும் பழகவில்லை

முத்துசாமிக் கோனார் வீட்டில் சத்தமே வராது. சிராங்கூன் பக்கத்துச் சுண்ணாம்புக் கம்பத்தில் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். பக்கத்து வரிசையில் வண்டிக்காரர்கள் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியைத் தெருவில் இழுத்துப் போட்டு மிதிக்கும்போது, "கோனார் வீட்டைப் பாருங்கடா, மனுசங்க இருக்கிறது தெரியுதா?" என்பார்கள்.

தெரியாததற்குக் காரணம் மாடுகள். வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் கறவை மாடுகள் நின்றன. கறவையின் காதில் கூச்சல் விழுந்தால் பாலை எக்கிக்கொள்ளும். மடி கனத்து நின்றாலும் ஒரு சொட்டு இறக்காது. பால்காரன் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. அதனால் முத்துசாமி பெண்டாட்டியை அடிக்கும்போது கத்துவதில்லை. அவள், பாக்கியலட்சுமி, அழுவதும் இல்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள். "மாடு இருக்கு" என்று மெல்லச் சொல்லிவிட்டுத்தான் அவன் கையை ஓங்குவான்.

சத்தமில்லாத அடியில் ஒரு சங்கடம் உண்டு. எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று காதுக்குத் தெரியாது. கூச்சல் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் கூச்சல் கேட்டதும் ஓடி ஒளியலாம். நின்றதும் வெளியே வரலாம். இவர்கள் மகள் செல்லக்கண்ணுவுக்கு அந்த வசதி இல்லை. வீடு அமைதியாக இருந்தால் அவளுக்கு வயிறு இழுத்துப் பிடிக்கும். வீடு எந்நேரமும் அமைதியாகத்தான் இருந்தது.

வயது பத்து. பார்த்தால் ஆறு சொல்லலாம். சோறு இரண்டு உருண்டை உள்ளே போனால், மூன்றாவது உருண்டை எல்லாவற்றையும் வெளியே இழுத்து வரும். பாய் நனையாமல் விடிவதில்லை. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் பல் கிட்டிக்கொள்ளும்.

மருந்துக்குக் குறைவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார்கள், இடுப்பில் மந்திரித்த கயிறு கட்டினார்கள். தருமாஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பூச்சி மருந்து ஊற்றினான். பூச்சி ஒன்றும் விழவில்லை. "பயந்தகோளாறு. எதையோ கண்டு பயந்திருக்கு" என்றார் கோயில் பூசாரி. எதைக் கண்டு என்று அவர் கேட்கவில்லை. டிராம் வண்டியாக இருக்கும் என்று முத்துசாமி சொன்னான். அப்போது டிராம் புதிது. எல்லாரும் நம்பினார்கள்.

அவள் தூங்கக் கண்டுபிடித்த இடம் தொழுவம். தொழுவத்துக்குள் கை ஓங்கக் கூடாது என்பது முத்துசாமி போட்ட சட்டம். அங்கே நுழைந்தால் அவனே வேறு ஆள். "வாடி ராசாத்தி, காலை விலக்கும்மா" என்று மாட்டிடம் கெஞ்சுவான். செவலை என்ற மாட்டின் பக்கத்தில் செல்லக்கண்ணு சாக்கை விரித்துக்கொள்வாள். மாடு அசைபோடும். அசைபோடுகிற மாடு எதற்கும் பயப்படவில்லை. அந்தச் சத்தம் நின்றால் மட்டும் கண் விழித்தால் போதும். அவளுடைய காதுக்கு முதல்முறையாக ஒரு காவல் கிடைத்தது. அங்கே படுத்த நாட்களில் சாக்கு நனையவில்லை.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அந்தச் சட்டம் போயிற்று. பங்களாவில் ஊற்றிய பால் திரிந்துபோனதென்று துரையின் சமையல்காரன் முத்துசாமியைத் திட்டி அனுப்பியிருந்தான். அவன் கள்ளுக்கடை வழியாக வீட்டுக்கு வந்தான். பாக்கியலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள். முந்தானையைச் சுருட்டவில்லை. எழுந்து தொழுவத்துக்குள் ஓடினாள். அங்கே வந்து அடிக்கமாட்டான் என்று நினைத்தாள். அவன் வந்தான். கறக்கும்போது மாட்டின் பின்னங்கால்களைப் பிணைக்கிற அணைகயிற்றை ஆணியிலிருந்து உருவிக்கொண்டு வந்தான். செவலையின் காலடியில் போட்டு அடித்தான். பாக்கியலட்சுமி அன்று வாய்விட்டுக் கத்தினாள்.

செல்லக்கண்ணு கன்றுக்குட்டியின் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, செவலையைப் பார்த்தாள். அசைபோடுவது நின்றது. காது இரண்டும் பின்னால் படிந்தன. கழுத்திலிருந்து வால்வரை தோலில் ஒரு நடுக்கம் ஓடியது. அது என்ன நடுக்கம் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு உடம்பில் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலமே செவலை எக்கிவிட்டது. கன்று முட்டினால் சுரக்கும். கன்றை இழுத்துக் கட்டிவிட்டு முத்துசாமி கை வைத்ததும் காம்பு வறண்டுபோகும். கண்ணேறு என்றான் அவன். செங்கல் சூளைக்காரன் பெண்டாட்டி போன வாரம் மடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாளாம். மிளகாய் சுற்றினான், கொம்பில் தாயத்துக் கட்டினான். பூசாரியைக் கூட்டி வந்து தீபம் காட்டினான். மாட்டுக்கு மட்டும் சடங்கு ஒன்று பாக்கி இல்லை. பாக்கியலட்சுமியின் இடது கை வீங்கியபடியே கிடந்தது. அந்தக் கையோடுதான் பூசாரிக்குத் தேங்காய் எடுத்துக் கொடுத்தாள்.

தாயத்தும் பலிக்கவில்லை. "வித்துட வேண்டியதுதான்" என்றான் முத்துசாமி.

"நல்ல மாடுங்க" என்றாள் பாக்கியலட்சுமி.

"கறந்தா நான் எதுக்கு விக்கிறேன்? சும்மா நிக்கிற மாட்டுக்குத் தீனி போட நான் என்ன பணத்துல புரள்ற தவுக்கேயா?"

செல்லக்கண்ணு அந்த முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். கறந்தால் விற்கமாட்டார். முத்துசாமி பால் ஊற்றப் போயிருக்கும் நேரம் பார்த்துச் செவலையிடம் குந்தினாள். கன்றை விட்டாள், இழுத்தாள், நெற்றியை மாட்டின் விலாவில் வைத்து அழுத்திக்கொண்டாள். பால் வந்தது. கொஞ்சம் கறந்து கன்றுக்கே ஊற்றிவிட்டாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவள் தானாக அவனிடம் போய்ப் பேசியதே இல்லை.

மாட்டு வியாபாரி சேக் தாவூது ராவுத்தர் கடலோரத்துப் பிடோக்கிலிருந்து வந்தார். வெள்ளைத் தொப்பி, தோளில் பச்சைத் துண்டு. செவலையின் பல்லைப் பார்த்தார், மடியைத் தட்டினார்.

"கறந்து காட்டுங்க கோனாரே."

"இப்ப வேளை இல்லீங்களே ராவுத்தரே."

"மடி வெடிக்கிற மாதிரி நிக்குது, வேளை இல்லேங்கிறீங்க. யாருக்கு வேளை இல்ல, மாட்டுக்கா உங்களுக்கா?"

முத்துசாமி குந்தினான். மாடு உதைத்தது. செம்பு உருண்டது.

"சரிதான்" என்று ராவுத்தர் துண்டை விரித்துக் கையை மூடினார். முத்துசாமி துண்டுக்குள் தன் கையை நுழைத்தான். விலை பேசுவது விரல்தான், வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் முத்துசாமியின் முகத்தில் தெரிந்தது. "இது கசாப்பு விலைங்க" என்றான்.

"கறக்காத மாட்டை நான் என்ன பெண்டாட்டிக்குத் துணையாவா கட்டி வைக்க?"

செல்லக்கண்ணு செம்பை எடுத்தாள். இரண்டு ஆண்களுக்கும் நடுவில் நடந்து போனாள். கன்றை விட்டு இழுத்து, விலாவில் நெற்றியை வைத்தாள். செம்பின் அடியில் பால் சர்ரென்று இறங்கியது. பிறகு சத்தம் மாறி நுரைக்குள் விழுந்தது. நிரம்பிய செம்பைத் தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"கறக்குதுப்பா" என்றாள். "விக்க வேணாம்ப்பா."

முத்துசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா ராவுத்தரே! பாலுக்குக் குறையில்ல. கைதான் மாத்தம்" என்று சொல்லி, மறுபடியும் துண்டுக்குள் கையை விட்டான். இந்தத் தடவை விரல்கள் நிறைய நேரம் பேசின. துண்டு விலகியபோது இருவரும் சிரித்தார்கள்.

செல்லக்கண்ணுவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"என் தங்கம்" என்று முத்துசாமி அவள் தலையைத் தடவக் கையை நீட்டினான். அவன் அப்படிச் செய்வது அதுதான் முதல் தடவை. தலைக்கு மேலே அந்தக் கை வருவது தெரிந்ததும் அவள் பல் கிட்டிக்கொண்டது. பாவாடை நனைந்து காலோடு ஒழுகி, சாணம் மெழுகிய தரையில் பரவியது. பால் மட்டும் சிந்தவில்லை. செம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சின்ன வயசிலேர்ந்தே பயந்தகோளாறு" என்றான் முத்துசாமி.

ராவுத்தர் தரையைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "நம்ம வழக்கம் தெரியும்ல கோனாரே. பழகின கை மாட்டோட வரணும். எங்க வீட்டுக் கைக்குப் பழகுற மட்டும் புள்ள பிடோக்குல இருக்கட்டும். பழகினதும் வண்டியில ஏத்தி விடறேன். மிச்சப் பணமும் அப்பத்தான்."

முத்துசாமிக்கு வழக்கத்தை மறுக்க முடியவில்லை. பாக்கியலட்சுமி ஒரு புதுச் சட்டியில் அரிசியும் உப்பும் கட்டிக் கொடுத்தாள். துலுக்கர் வீட்டில் தின்னக் கூடாது, தனியாகப் பொங்கிக்கொள்ள வேண்டும் என்று அவன் காது கேட்கச் சொன்னாள். வண்டியில் ஏற்றிவிடும்போது குனிந்தாள். "அங்க என்ன குடுத்தாலும் தின்னு. மாடு சீக்கிரம் பழகிடாம பாத்துக்க" என்றாள்.

"நீ?"

"எனக்கென்ன, மத்த மாடு இருக்குல்ல." வண்டி நகர்ந்தது.

பிடோக்கில் ராவுத்தர் வீடு தென்னந்தோப்புக்குள் இருந்தது. பின்னால் கடல். அந்த வீட்டில் வாயை மூடவே தெரியாது. ராவுத்தரின் மனைவி உம்மு சல்மா கோழியைத் திட்டுவாள், அடுப்பைத் திட்டுவாள், புருசனைத் திட்டுவாள். முதல் நாள் அவள், "நாசமாப் போறவரே, எங்க வச்சீங்க தேங்கா துருவிய?" என்று கத்தியபோது செல்லக்கண்ணு அண்டாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"உன் தலை மேல தேடுடி" என்று ராவுத்தர் கத்தினார்.

துருவி பரண்மேல் இருந்தது. எடுத்தாள், துருவினாள், பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. யாரும் யார்மேலும் கை வைக்கவில்லை. செல்லக்கண்ணு அண்டாவின் பின்னாலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. சத்தம் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம் என்று உலகத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஏ குட்டி, உன் சட்டியில பொங்கினா பூனைக்குக்கூடக் காணாது. ஆட்டுக்கறியும் இல்ல மாட்டுக்கறியும் இல்ல, வெறும் மீனாணம், மீன் குழம்புதான். தின்னு" என்று உம்மு சல்மா தட்டை நகர்த்தினாள்.

மூன்றாவது உருண்டை வயிற்றில் தங்கியது. அதன் பிறகு எண்ணவில்லை. பகலெல்லாம் கத்துகிற வீட்டில் அவள் நன்றாகத் தூங்கினாள். பாய் காய்ந்தே விடிந்தது. இடுப்புக் கயிறு இறுகத் தொடங்க, உம்மு சல்மா அதை அவிழ்த்து ஒரு விரற்கடை கூட்டி முடிந்தாள்.

ஆனால் இந்த நல்லதுக்கெல்லாம் ஒரு கெடு இருந்தது. அது தொழுவத்தில் நின்றது. முதலில் செல்லக்கண்ணு கறக்க, உம்மு சல்மா பக்கத்தில் குந்தினாள். பிறகு சின்னக் கைகளின் மேல் பெரிய கைகளை வைத்தாள். பிறகு சின்னக் கை விலகிக்கொண்டது. உம்மு சல்மா கத்திக்கொண்டே கறந்தாள், மாடோ அந்தக் கத்தலுக்கும் பழகிவிட்டது. செல்லக்கண்ணு மாட்டின் தலைமாட்டில் நின்று பார்த்தாள். அம்மா சொன்னது நினைவில் இருந்தது. பழகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று மட்டும் அம்மா சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் ராவுத்தர் மனைவியிடம் சொன்னார்: "நாளைக்கு வண்டி சிராங்கூன் பக்கம் போகுது. புள்ளைய ஏத்தி விட்டுரலாம். அதான் உனக்குக் கறக்குதே."

விடிந்ததும் உம்மு சல்மா கடற்கரையில் மீன் வாங்கப் போனாள். செல்லக்கண்ணு தொழுவத்துக்குள் போனாள். மாட்டைப் பழகாமல் செய்ய அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். அணைகயிறு ஆணியில் தொங்கியது. அவள் எட்டி எடுத்தபோது செவலை கழுத்தை நீட்டி, அவள் கையை நக்க வந்தது.

"சத்தம் போடாதே" என்று மெல்லச் சொன்னாள். அப்பாவைப் போலவே, இதமாக. மூக்கின்மேல் ஓங்கி அடித்தாள். மாடு பின்வாங்கிக் கயிறு முட்ட நின்றது. தொடையில் அடித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. ஏதோ ஒன்று வயிற்றிலிருந்து கிளம்பிக் கைக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. வலிக்காமல் இருந்தது அவளுக்கு. அவ்வளவு நாளும் இழுத்துப் பிடித்த வயிறு, அடிக்கிற நேரத்தில் மட்டும் சுத்தமாக வலிக்கவில்லை. கை ஓய்ந்தபோது செவலையின் காதுகள் பின்னால் படிந்திருந்தன. கழுத்திலிருந்து வால்வரை நடுக்கம் ஓடியது.

அவள் கயிற்றை ஆணியில் மாட்டினாள்.

உம்மு சல்மா வந்து குந்தினாள். மாடு உதைத்தது. "என்ன வந்துச்சு இந்த மூதேவிக்கு?" என்று கத்தினாள். "இந்தாங்க! இன்னிக்கு வண்டியில புள்ளைய ஏத்தாதீங்க. இன்னும் பழகல போலிருக்கு!"

"நேத்துக் கறந்துச்சேடி?"

"நேத்துக் கறந்தா? இன்னிக்கு நீங்க வந்து கறங்க பாப்போம்!"

வண்டி அவள் இல்லாமல் போயிற்று. செல்லக்கண்ணு கிணற்றடியில் உட்கார்ந்து சக்கரச் சத்தம் தேயும்வரை கேட்டாள். அம்மா சொன்னது போலச் செய்தாகிவிட்டது. மத்தியானம் மூன்றாவது உருண்டை வெளியே வந்தது.

சாயங்காலம், "நீயே கறந்து காட்டு, உன் கைக்கு இறக்கும்ல" என்று உம்மு சல்மா செம்பை அவளிடம் கொடுத்தாள். செல்லக்கண்ணு வாசலில் கால் வைத்ததும் செவலை கயிறு முட்ட ஒதுங்கியது. அவள் விலாவில் நெற்றியை வைக்கப் போனாள். தோல் அங்கிருந்து சுருங்கி விலகியது. காம்பில் கை பட்டது. ஒன்றும் இல்லை.

உம்மு சல்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "போய்த் தண்ணி எடுத்துட்டு வா" என்றாள். செல்லக்கண்ணு தண்ணீரோடு திரும்பும்போது செம்பில் பால் விழுகிற சத்தம் கேட்டது. வாசலில் அவள் நிழல் விழுந்ததும் அது நின்றது.

உம்மு சல்மா எழுந்தாள். மாட்டின் மூக்கைத் திருப்பிப் பார்த்தாள். தடித்திருந்தது. தொடையைத் தடவினாள். ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். பிறகு செல்லக்கண்ணுவைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் சத்தம் நின்றது அதுதான் முதல் தடவை. செல்லக்கண்ணு குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். காலடியில் மண் நனைந்தது. காத்திருந்தாள். அடி வரவில்லை. வராதது இன்னும் பயமாக இருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?" உம்மு சல்மாவின் குரல் கீழே, அவள் உயரத்துக்கு வந்திருந்தது.

"யாருமில்ல மாமி. மாடு பழகாம பாத்துக்கன்னு அம்மா சொன்னாங்க."

"பழகாம இருந்தா?"

"இங்கயே இருக்கலாம்."

"உங்கப்பன் தொழுவத்துலயா அடிச்சான்?"

தலையாட்டல் முழங்கால்களுக்கு நடுவிலிருந்து வந்தது. உம்மு சல்மா நீளமாக மூச்சு விட்டாள். பிறகு கத்தத் தொடங்கினாள். "எந்திரி! பாவாடைய மாத்து! மூதேவி, இனிமே இந்தத் தொழுவத்துக்குள்ள உன் கால் படக்கூடாது, கேட்டுச்சா? மனுசன் மறந்தாலும் இது மறக்காது. எண்ணெய் எடுத்துட்டு வந்து வாசல்ல வச்சுட்டுப் போ, நான் போட்டுக்கறேன்."

அந்தக் கத்தல் காதில் விழவிழத்தான் செல்லக்கண்ணு தலையிலிருந்து கைகளை எடுத்தாள்.

அதன் பிறகு அவள் தொழுவத்துப் பக்கம் போகவில்லை. தேங்காய் துருவினாள், கோழியை அடைத்தாள். இரண்டு வேளையும் செம்பில் பால் விழுகிற சத்தத்தைக் கிணற்றடியிலிருந்து கேட்டாள். ஒருமுறை ராவுத்தர் செவலையை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது அவள் எதிரே வந்துவிட்டாள். மாடு நின்றது. காதைப் படிய வைத்துக்கொண்டு அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவளும் ஓரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

நிரம்பிய செம்பைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் உம்மு சல்மா புருசனைப் பார்த்துச் சொல்வாள்: "இன்னும் பழகல. புள்ள இருக்கட்டும்."

ராவுத்தர் செம்பைப் பார்ப்பார், நுரையைப் பார்ப்பார். "அப்படியா" என்பார். அவ்வளவுதான்.

அடுத்த தடவை சிராங்கூன் போய்விட்டு வந்தவர் பொழுது சாய்கிற நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தார். எதிரே செல்லக்கண்ணு தட்டின் முன்னால் இருந்தாள்.

"உங்கப்பன் கேட்டான், மாடு பழகிடுச்சான்னு. இல்லேன்னேன். மிச்சப் பணம் அப்ப எப்பன்னான். பழகட்டும்னேன்." மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தார். "உங்கம்மா கதவுக்குப் பின்னால நின்னாங்க. மாடு இன்னும் பழகலேன்னு அவங்க காதுல விழற மாதிரிச் சொன்னேன். சிரிச்சாங்க."

செல்லக்கண்ணு நிமிர்ந்தாள். அம்மா சிரித்து அவள் பார்த்ததில்லை.

"முன்பல்லு ஒண்ணு இல்ல" என்றார் ராவுத்தர். "முன்னாடியே அப்படித்தானா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

பிறகு உம்மு சல்மா அடுப்பைத் திட்டத் தொடங்கினாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பைத்தான். செல்லக்கண்ணு சோற்றைப் பிசைந்து உருட்டினாள். ஒன்று விழுங்கினாள். இரண்டு விழுங்கினாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே செவலை அசைபோடும் சத்தம் கேட்டது.